குடம் பன்னிரண்டு ரூபாய்

இன்ஜின் ஆறட்டும் என்றான் களஞ்சியம்.
பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு
மூவரும் அதன் நிழலில் நின்றோம்.
எண்பத்துநாலாம் வருசத்து அம்பாசடர், டீசல்.
பின் சீட்டைக் கழற்றிவிட்டு
நண்டுப் பெட்டி ஏற்றுகிறோம்.
பாதி எனக்கு, பாதி தங்கை மாப்பிள்ளை
சீனி இபுராகிமுக்கு.
எந்தப் பாதி யாருக்கு என்று
எழுதிக்கொள்ளவில்லை.

புதுமடத்திலிருந்து மண்டபம் போவதற்குள்
இந்த வாரம் மூன்று தடவை
முள் சிவப்பில் ஏறிவிட்டது.
மரைக்காயர்பட்டினத்தில் அவசரப்பட்டு மூடி திறந்தார்.
முழங்கைத் தோல் இன்னும் வளரவில்லை.

அடியில் படுத்து வடிகுழாயைத் திருகினான் களஞ்சியம்.
ஒன்றும் வரவில்லை.
கம்பியை விட்டுக் குடைந்தான்.
ஒரு சொட்டு,
ஒரு செருமல்,
பிறகு மொத்தமாக அவன் சட்டை மேல்.
கருப்பட்டிப் பாகு நிறம்,
பழைய ஆணி வாசம்.
தெர்மோஸ்டாட்டை எவனோ
எப்போதோ பிடுங்கி எறிந்திருந்தான்.

கீழ் ஹோஸைக் கழற்றியதும்
உள்வாயில் வெள்ளையாக ஒரு பொருக்கு,
மீன்செதில் கனத்தில்.
ஸ்குரு டிரைவரால் சுரண்டி
நாக்கு நுனியில் வைத்துத் துப்பினான்.
"உப்பு."
யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

கணக்கு நோட்டு என் மடியில் இருந்தது.
பதினோரு மாசமாக
வாரத்துக்கு மூன்று வரி,
சீனி இபுராகிமின் குண்டுக் கையெழுத்தில்:
வண்டிக்கு நல்ல தண்ணி, ஒரு குடம், ரூ. 12.
நல்ல தண்ணி லாரியில் வரும்.
எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்
சோறு வேகாது.
ஆனால் அது சும்மா கிடைக்கும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கடல் நாலு பனைக்கு அப்பால்
தனக்கு ஒன்றும் தெரியாதென்று கிடந்தது.

ஏன் கேட்கவில்லை என்றால்,
மாசியில் ஒருநாள் நான் ஓட்டிப்போனேன்.
வேதாளை தாண்டியதும் கொதித்து நின்றுவிட்டது.
பெட்டியில் நண்டுகள் உயிரோடு
ஒன்றன்மேல் ஒன்று கீறிக்கொண்டிருந்தன.
செத்த நண்டுக்குக் கம்பெனியில் பாதி விலைகூட இல்லை.
கண்ணுக்கெட்டிய தூரம் குடமில்லை, குழாயில்லை.
கடல் இருந்தது.
ஆறும்வரை காத்திருந்து
பெட்டி மூடியால் இரண்டு தடவை
அள்ளி ஊற்றினேன்.
ஒன்றும் ஆகவில்லை, ஓடியது.

சலவை சோடாவைக் கரைத்து ஊற்றி
இருபது நிமிசம் இன்ஜினை ஓடவிட்டோம்.
வடித்தோம். டீ.
பிறகு கீழிருந்து மேலாக, தலைகீழ்ப் போக்கில்
ஹோஸைச் செருகிப் பாய்ச்சினான்.
துருச் சில்லுகள், நூல் துணுக்கு,
எப்படிப் போனதோ ஒரு நெல்.
லாரிக்கு வரிசையில் நின்ற பெண்கள் கேட்டார்கள்:
"ஏழு குடமா? காருக்கா?
கல்யாணமா அதுக்கு?"

ஐந்தாம் குடம் வெளிறியது.
ஏழாவது, மணலில் விழுந்த இடம் தெரியாமல்
அப்படியே இறங்கியது.
குடிக்கலாம் என்றான் களஞ்சியம்.
யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் குடத்தை நிரப்பி மூடியபோதுதான்
இன்ஜின் பக்கவாட்டிலிருந்து
மெல்லிசாக ஒரு தாரை,
ஊசி போட்ட இடத்து ரத்தம் போல.
"வாட்டர் டம்மி ஓட்டை" என்றான்.
"துரு இருந்தவரைக்கும் துருவே அடச்சுக்கிட்டு இருந்திருக்கு.
நாமதான் கழுவி விட்டுட்டோம்."
புது டம்மி வாங்க ராமநாதபுரம் போனான்.
பஸ்ஸில் போய் வர இரண்டு மணி நேரம்.

எட்டாம் குடமும் போய்விடுமே என்று
சீனி இபுராகிம் கட்டைவிரலை ஓட்டையில் அழுத்தினார்.
தாரை நின்றது.

நான் நோட்டைப் பிரித்து எழுதினேன்:
நல்ல தண்ணீர், எட்டுக் குடம், ரூ. 96.
டம்மி ஒன்று. விலையை விட்டுவைத்தேன்.
அதற்குக் கீழே,
மாசி, வேதாளை. கடல், இரண்டு மூடி. நான் ஊற்றியது.

நோட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.
படித்தார். உதடு அசைந்தது.
இரண்டாம் தடவையும் படித்தார்.
பேனாவை நீட்டினேன்.

விரலை எடுக்க முடியாமல்
பார்த்துக்கொண்டே நின்றார்.